நான்கு ஆண்டு காத்திருந்து வந்த பீட்டா: பிஹெச்பிபிபி 3.0 எங்கே மாட்டிக்கொண்டது?

இணையத்தில் பலர் கூடிப் பேசும் கருத்துக்களங்களை நடத்தும் மென்பொருள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். "அடுத்த பதிப்பின் பீட்டா எப்போது?" என்று அதன் பயனர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பீட்டா என்றால் இறுதிப் பதிப்புக்கு முன் சோதித்துப் பார்க்க வெளியிடும் பதிப்பு. உருவாக்குபவர்களும் "தயாரானதும் வரும்" என்று அலுக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள் செய்கிற வேலை, அதனால் இழுத்துக்கொண்டே போகிறது என்று சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நிரல் எழுதி முடிக்க ஆகும் நேரத்தைவிட, வேறொரு வேலைதான் அதிக காலத்தைத் தின்கிறது. ஏற்கெனவே பேசப்பட்ட பேச்சை, ஏற்கெனவே சேர்ந்த ஆட்களை, ஏற்கெனவே ஒட்டுப்போட்டு வைத்த வசதிகளைச் சேதமில்லாமல் புதிய வீட்டுக்குக் கொண்டுபோகும் வேலை அது.

இதற்கு பிஹெச்பிபிபி (phpBB) என்ற இலவசக் கருத்துக்கள மென்பொருளின் 3.0 பதிப்பைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2.0 பதிப்பு வந்தது 2002 ஏப்ரலில். அடுத்த பெரிய பதிப்பின் முதல் பீட்டா 2006 ஜூனில்தான் வெளிவந்தது. ஐந்து பீட்டாக்கள், வெளியீட்டுக்குக் கிட்டத்தட்டத் தயாரான எட்டு முன்பதிப்புகள் எல்லாம் கடந்து, இறுதிப் பதிப்பு 2007 டிசம்பர் 13 அன்று கைக்கு வந்தது. பீட்டாவுக்கு நான்கு ஆண்டு, அப்புறம் ஒன்றரை ஆண்டு.

ஜேம்ஸ் அட்கின்சன் 2000ஆம் ஆண்டு தன் சொந்தத் தளத்துக்காக எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. அப்போது பரவலாக இருந்த அல்டிமேட் புல்லட்டின் போர்டு பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. அதே மாதிரியான ஒன்றை பிஹெச்பி என்ற நிரல்மொழியிலும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்திலும் செய்து, மூலநிரலோடு இலவசமாகக் கொடுத்தார். இணையதளம் வைக்க இடம் தரும் மலிவான ஹோஸ்டிங் கணக்கு ஒன்று இருந்தால் போதும். கோப்புகளை எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில் வழங்கிக் கணினிக்கு ஏற்றி, நிறுவல் பக்கத்தைத் திறந்து, நாலு பெட்டிகளை நிரப்பினால் களம் தயார். தொழில்நுட்பம் தெரியாதவர்களும் தங்கள் ஊருக்கோ, தங்கள் பைக் மாடலுக்கோ, பிடித்த நடிகருக்கோ ஒரு களம் தொடங்க முடிந்தது இதனால்தான். உலகம் முழுக்கப் பரவியதற்கும் காரணம் இதுதான், பின்னால் வந்த தலைவலிக்கும் காரணம் இதுதான்.

2.0 பதிப்பில் பல அடிப்படை வசதிகள் இல்லை. பதிவோடு கோப்பு இணைக்க முடியாது. களத்துக்குள் துணைக்களம் வைக்க முடியாது. இந்தக் குறைகளை வெளியாட்கள் எழுதிய 'மாட்' எனப்படும் ஒட்டுகள்தான் தீர்த்துவைத்தன. இன்றைக்கு நீட்சி என்றால் ஒரு பொத்தானை அழுத்தி நிறுவுவது. அன்றைய மாட் அப்படியில்லை. அது ஒரு குறிப்புத் தாள். 'இந்தக் கோப்பைத் திற. இந்த வரியைத் தேடு. அதற்குக் கீழே இந்த வரிகளைச் சேர். சேமித்து மூடு' என்று படிப்படியாக எழுதியிருக்கும். நிர்வாகி நோட்பேடில் கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாகச் செய்வார். இரண்டாவது மாட் போடும்போது முதல் மாட் தொட்ட அதே வரியைத் தேடச் சொல்லும். அந்த வரி பழைய உருவில் இருக்காது. கொஞ்சம் யோசித்து ஒட்டவைப்பார். இப்படிப் பத்து மாட் போட்ட களத்தின் நிரல், உலகத்தில் வேறு எந்தக் களத்தின் நிரலோடும் ஒத்துப்போகாது.

இதன் விலை 2004 கடைசியில் தெரிந்தது. ஒரு தலைப்பின் கீழ் நடக்கும் பேச்சான இழையைக் காட்டும் பக்கத்தில், தேடிய சொல்லை நிறமிட்டுக் காட்டும் வசதியில் ஓட்டை ஒன்று இருந்தது. முகவரிப் பட்டையில் சரியான சரத்தைக் கொடுத்தால் வழங்கியில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். நவம்பரில் வந்த 2.0.11 பதிப்பு அதை அடைத்துவிட்டது. ஆனால் டிசம்பரில் சாண்டி என்ற புழு கிளம்பியது. பாதிக்கப்படக்கூடிய களங்களை அது கூகுளில் தேடியே கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக உள்ளே புகுந்து பக்கங்களை அழித்து எழுதியது. கடைசியில் கூகுள் அந்தத் தேடலையே தடுக்க வேண்டியதாயிற்று. மருந்து வந்து ஒரு மாதமாகியும் ஏன் இத்தனை பேர் போட்டுக்கொள்ளவில்லை? கவனக்குறைவு ஒரு காரணம்தான். மாட்களும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது. புதிய கோப்புகளை மேலே ஏற்றினால் பாடுபட்டு ஒட்டிய எல்லாம் போய்விடும். மாற்றங்களை மட்டும் கையால் சேர்க்கலாம் என்றால் எந்த வரியில் என்ன இருக்கிறது என்பது நிர்வாகிக்கே மறந்துபோயிருக்கும். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டவர்களின் களங்கள் போயின.

இந்த நேரத்தில் அடுத்த பதிப்பின் வேலை பாதியில் இருந்தது. அதற்கு முதலில் வைத்த எண் 2.2. பெயருக்கேற்ப ஓரளவு மாற்றங்களோடு வந்திருக்க வேண்டியது. ஆனால் ஆளுக்காள் மாட் போட்டுச் சமாளித்த எல்லாமே இனி உள்ளேயே வேண்டும் என்று பட்டியல் நீண்டது: கோப்பு இணைப்பு, துணைக்களங்கள், பதிவுகளை மேற்பார்க்கும் மட்டுறுத்துநர் பார்த்து ஒப்புதல் தரும் வரிசை, நுணுக்கமான அனுமதிகள், பதிவில் தடித்த எழுத்து, இணைப்பு போன்றவற்றைக் காட்ட நிர்வாகியே உருவாக்கிக்கொள்ளும் பிபிகோடு குறிகள். தரவுத்தளமும் மைஎஸ்க்யூஎல் மட்டுமல்ல. போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட், ஃபயர்பேர்டு, மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் எல்லாவற்றிலும் ஓட வேண்டும். பழைய நிரலோடு ஒத்தே போகாத அளவுக்கு மாறிப்போனதால் எண் 3.0 ஆயிற்று. ஒலிம்பஸ் என்று செல்லப்பெயரும் வைத்தார்கள். மலையின் பெயரை வைத்துவிட்டு ஏறுவது கஷ்டமாக இருக்கிறது என்றால் யார் கேட்பார்கள்!

வசதிகளை எழுதுவது ஒருவகையில் எளிது. பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் மாற்றி நிரல்தான் உண்மையான ஆபத்து. எழுத்துக்குறியில் தொடங்கலாம், தமிழர்களுக்கு நேராகத் தொடர்புள்ள விஷயம் இது.

2.0 பதிப்பில் ஒவ்வொரு மொழிக்கோப்பும் தனக்கென ஒரு எழுத்துக்குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையை, அறிவித்துக்கொள்ளும். ஆங்கிலக் கோப்பு மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தைச் சொல்லும், ரஷ்யக் கோப்பு வேறொன்றைச் சொல்லும். ஆங்கில அமைப்பில் இருந்த களத்தில் ஒருவர் யுனிகோடில் தமிழ் தட்டினால், அந்த எழுத்துக்கு அங்கே இடமில்லை என்பதால் உலாவி அதை எண்ணாக மாற்றி அனுப்பும். 'த' என்ற ஓரெழுத்து த என்று ஏழு குறிகளாகத் தரவுத்தளத்துக்குப் போகும். அகர எழுத்து, மேலே வைக்கும் புள்ளி, துணைக்கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. ஆக 'தமிழ்' என்ற சொல்லுக்கு 35 இடம். இழையின் தலைப்புக்கு 2.0 ஒதுக்கியிருந்தது 60 இடம். 'தமிழ்நாடு' என்று எழுதினால் 63! ஒரு மாநிலத்தின் பெயரே தலைப்பில் அடங்காது. தேடல் பெட்டிக்கு அந்த எண் கோவை ஒரு சொல்லாகவே தெரியாது. விவரம் தெரிந்த நிர்வாகிகள் மொழிக்கோப்பைத் திறந்து குறியாக்கத்தை எல்லா மொழிகளுக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 என்று மாற்றி வைத்துக்கொண்டார்கள். அப்போது திரையில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் தரவுத்தளம் மட்டும் தன்னிடம் இருப்பது இன்னும் மேற்கு ஐரோப்பிய எழுத்து என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

3.0 முழுக்க முழுக்க யுடிஎஃப்-8. தமிழும் அரபியும் சீனமும் ஒரே இழையில் சண்டை போடலாம். நல்லதுதான். ஆனால் மாற்றி நிரலின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு பழைய பதிவைக் கையில் எடுக்கிறது. இது எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது? தரவுத்தளம் சொல்வதை நம்பினால், ஏற்கெனவே யுடிஎஃப்-8இல் இருப்பதை இன்னொரு முறை மாற்றிவிடும். பத்தாயிரம் பதிவுகளும் புரியாத குப்பையாகிவிடும். மொழிக்கோப்பை நம்பலாம் என்றால், நிர்வாகி அதை நடுவில் மாற்றியிருக்கலாம். பாதிப் பதிவு ஒரு குறியாக்கம், மீதி வேறு. இதற்கெல்லாம் சுத்தமான தீர்வு கிடையாது. ஊகித்து, சோதித்து, தப்பாகப் போனதை வழுப்பட்டியலில் பார்த்து, மறுபடி திருத்த வேண்டும். உண்மையான பழைய களங்களின் நகல் கையில் இருந்தால்தான் இந்தத் திருத்தமே சாத்தியம். பீட்டா என்ற ஒன்று தேவைப்படுவது இதற்காகத்தான்.

அடுத்தது கடவுச்சொல். 2.0 அதை எம்டி5 என்ற முறையில் சுருக்கி வைத்திருந்தது, 'உப்பு' எனப்படும் தற்செயல் எழுத்துகளைச் சேர்க்காமல். அதாவது இரண்டு பேர் ஒரே கடவுச்சொல் வைத்தால் இருவருக்கும் ஒரே சுருக்கம். திருடியவருக்கு வேலை சுலபம். 3.0 பாதுகாப்பான முறைக்கு மாறியது. ஆனால் பழைய சுருக்கத்திலிருந்து கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாது. அதுதானே சுருக்கத்தின் நோக்கம். அப்படியானால் புதிய முறையில் எப்படிச் சேமிப்பது? பயனர் வந்து நுழையும் வரை காத்திருப்பதுதான் வழி. மாற்றப்பட்ட ஒவ்வொரு கணக்கிலும் ஒரு அடையாளம் வைத்திருக்கும். அந்த ஆள் முதல்முறை கடவுச்சொல்லைத் தட்டும்போது பழைய முறையில் சரிபார்த்து, சரியாக இருந்தால் அந்த நொடியிலேயே புதிய முறையில் சுருக்கிச் சேமித்து, அடையாளத்தை எடுத்துவிடும். இதிலும் எழுத்துக்குறிச் சிக்கல் வரும். கடவுச்சொல்லில் ஆங்கிலமல்லாத எழுத்து இருந்தால் பழைய குறியாக்கத்தில் கிடைத்த சுருக்கமும் யுடிஎஃப்-8இல் கிடைப்பதும் ஒன்றாக இருக்காது. அதையும் யோசித்து எழுத வேண்டும்.

பயனர் பெயரில் இன்னொரு வேடிக்கை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பெயர்களில் ஆள்மாறாட்டம் நடக்காமல் இருக்க, 3.0 ஒவ்வொரு பெயருக்கும் ஒரு 'சுத்தப் பெயர்' உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, உருவம் ஒத்த வேற்று மொழி எழுத்து எல்லாம் அதில் ஒன்றாகிவிடும். புதுக் களத்துக்கு அருமையான ஏற்பாடு. பழைய களத்திலோ, அப்படி மோதுகிற இரண்டு பேர் ஏற்கெனவே வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருப்பார்கள். மாற்றி நிரல் அங்கே நின்றுவிடும். மோதும் பெயர்களைப் பட்டியலிட்டு, பழைய களத்துக்குப் போய் ஒன்றை மாற்று அல்லது நீக்கு என்று நிர்வாகியிடம் சொல்லும். யாருடைய பெயரை மாற்றுவது என்பது தொழில்நுட்பக் கேள்வி இல்லை. அது பஞ்சாயத்து.

சாண்டி விட்டுப்போன பயமும் இருந்தது. அதனால் இறுதிப் பதிப்புக்கு முன் செக்‌ஷன்ஐன்ஸ் என்ற ஜெர்மானியப் பாதுகாப்பு நிறுவனத்திடம் நிரலைக் கொடுத்துத் தணிக்கை செய்தார்கள். தன்னார்வலர்கள் நடத்தும் இலவச மென்பொருளுக்கு அன்று இது சாதாரணமில்லை. தாமதத்தில் இதற்கும் பங்கு உண்டு, இந்தப் பங்கைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு விதிவிளையாட்டு. 3.0 பழைய ஹோஸ்டிங்குகளிலும் ஓட வேண்டும் என்பதற்காக பிஹெச்பி 4 மொழிக்கு ஏற்றபடி எழுதப்பட்டது. 2007 டிசம்பர் 13 அன்று வெளியானது. அதே டிசம்பர் 31 அன்று பிஹெச்பி 4க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பதினெட்டே நாள். திட்டமிட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. தொடங்கிய 2002இல் அதுதான் சரியான முடிவு. நீண்ட பயணத்தில் இப்படித்தான் ஆகிறது: கிளம்பும்போது இருந்த நிலம் போய்ச் சேரும்போது இருப்பதில்லை.

மாட்களின் பிரச்சினையை 3.0 தீர்க்கவில்லை, கோப்பைத் திறந்து வரி சேர்க்கும் வழக்கம் தொடர்ந்தது. மூலநிரலைத் தொடாமல் நீட்சிகள் போடும் அமைப்பு 2014 அக்டோபரில் வந்த 3.1இல்தான் கிடைத்தது. அதற்கு மறுபடி ஏழு ஆண்டு.

பழைய பயனர்களின் சுமைதான் காரணம் என்றால், புதிதாகத் தொடங்கியவர்கள் வேகமாகப் போயிருக்க வேண்டும் அல்லவா? ஃப்ளாரம் என்ற பின்னால் வந்த கள மென்பொருள் அந்தக் கணக்கைக் கொஞ்சம் குழப்புகிறது. ஈசோடாக் என்ற கள மென்பொருளை எழுதிய டோபி செர்னரும் ஃப்ளக்ஸ்பிபி என்ற இன்னொரு கள மென்பொருளின் குழுவைச் சேர்ந்த ஃபிரான்ஸ் லீட்கேயும் கைகோத்து உருவாக்கியது அது. முதல் பீட்டா 2015 ஆகஸ்டில் சீக்கிரமே வந்துவிட்டது. பார்க்க அழகு, கைப்பேசியில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் 1.0 வந்தது 2021 மே மாதத்தில். நடுவில் பதினாறு பீட்டாக்கள்! பள்ளியில் சேர்ந்த பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போய்விடும்.

இங்கே தடுத்தது பழைய தரவு இல்லை, நீட்சிகள். ஃப்ளாரத்தின் மையம் வேண்டுமென்றே மிகச் சிறியது. குறிச்சொல், விருப்பம், பெயர் சொல்லி அழைப்பது, இழையைப் பூட்டுவது எல்லாமே தனி நீட்சிகள். அதாவது நீட்சிகள் மையத்தோடு பேசும் முறைதான் அந்த மென்பொருளின் உண்மையான உடம்பு. அதில் ஒன்றை மாற்றினால் வெளியார் எழுதிய நீட்சிகள் அத்தனையும் உடையும். ஒவ்வொரு பீட்டாவிலும் கிட்டத்தட்ட அது நடந்தது. திரையை வரையும் மித்ரில் நூலகத்தின் பழைய பதிப்பிலிருந்து புதியதற்குத் தாவியபோது நீட்சி எழுதியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து மாற்றி எழுத வேண்டியிருந்தது. நீட்சிகள் இன்ன வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்று வரையறுக்கும் வேலை பதினாறாவது பீட்டாவுக்குள் முடிந்த பிறகுதான் 1.0 என்ற எண்ணைப் போட்டார்கள். அதுவரை தினசரிப் பயன்பாட்டுக்கு இதை நம்பாதீர்கள் என்ற எச்சரிக்கை இருந்தது. எச்சரிக்கையைப் படித்தும் பலர் உண்மையான களங்களை அதில்தான் நடத்தினார்கள். பீட்டா என்ற சொல்லை நீண்டநாள் தொங்கவிட்டால் இதுதான் நடக்கும், ஜனங்கள் அதைப் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஜிமெயில்கூட 2004 முதல் 2009 வரை பீட்டாவாகத்தான் இருந்தது, யார் கவலைப்பட்டார்கள்?

எஸ்எம்எஃப் என்ற மற்றொரு கள மென்பொருளின் கதை இன்னும் மெதுவானது. 2.1இன் முதல் பீட்டா 2014இல் வந்தது, இறுதிப் பதிப்பு 2022 பிப்ரவரியில். மைபிபி என்ற கள மென்பொருளை 2.0 என்ற எண்ணில், லாராவெல் என்ற பிஹெச்பி கட்டமைப்பின் அடிப்படையில் புதிதாக எழுதத் தொடங்கிய திட்டம் வெளிவரவே இல்லை. பழைய நிரலையே படிப்படியாகச் சீர்செய்வோம் என்று திரும்பிவிட்டார்கள். அதற்கு நேர்மாறாக, விபுல்லட்டின் என்ற கட்டணக் கள மென்பொருளின் குழுவிலிருந்து விலகியவர்கள் தொடங்கிய சென்ஃபோரோ 2010 அக்டோபரில் பீட்டாவை வெளியிட்டு, அந்தப் பீட்டாவையே காசுக்கு விற்றது. பழைய முதலாளி நிறுவனம் வழக்குப் போட்டிருந்தும் ஆட்கள் வாங்கினார்கள். 2011 மார்ச்சில் 1.0 வந்துவிட்டது. சிறிய குழு, தெளிவான வேலை எல்லை, வருமானம், மேலும் எங்கே தப்பு நடக்கும் என்று முன்பே அடிபட்ட அனுபவம். இது எல்லோருக்கும் வாய்க்காது.

பீட்டாவின் பொருளையே மாற்றிப் போட்டது டிஸ்கோர்ஸ் என்ற கள மென்பொருள். நிரலர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜெஃப் அட்வுட், ராபின் வார்டு, சாம் சஃப்ரான் மூவரும் 2013 பிப்ரவரியில் அறிவித்து, 2014 ஆகஸ்டில் 1.0 வெளியிட்டார்கள். அங்கே புதிய நிரல் தானியங்கிச் சோதனைகளில் தேறியதும் ஒரு கிளைக்கு, அதாவது நிரலின் தனிப் பிரதிக்கு, போகும். சாதாரணமாக நிறுவுபவர்கள் நெடுங்காலம் பின்பற்றிவந்தது அந்தக் கிளையைத்தான். பீட்டா என்பது அதற்கு ஒரு படி மேலே வைத்த மைல்கல்லாக இருந்தது, நிலையான பதிப்பு என்பது மாற்றமே வேண்டாம் என்பவர்களுக்காக இருந்தது. காத்திருந்து வாங்கும் பெரிய பீட்டா என்ற ஒன்று அங்கே கிடையாது. சின்னச் சின்ன மாற்றம், உலாவியிலேயே ஒரு பொத்தான், சில நிமிடத்தில் புதுப்பிப்பு முடிந்துவிடும். நான்கு ஆண்டு மாற்றத்தை ஒரே நாளில் தூக்கிப்போடாததால் மாற்றியும் பெரிதாக வேண்டியதில்லை.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? எல்லோருடைய வழங்கியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மென்பொருளுக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒன்றாக அடைக்கும் டாக்கர் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்ததால் சாத்தியமாயிற்று. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் ஒன்றுதான், ஆறு இல்லை. குறைந்தது ஒரு ஜிபி நினைவகம் உள்ள தனி வழங்கி வேண்டும். எஃப்டிபியில் ஏற்றிவிட்டுப் போகும் மலிவு ஹோஸ்டிங்கில் ஓடாது. பிஹெச்பிபிபி எந்த மக்களுக்காக ஆறு தரவுத்தளத்தையும் பழைய பிஹெச்பியையும் சுமந்ததோ, அந்த மக்களை டிஸ்கோர்ஸ் முதல் நாளே வாசலில் நிறுத்திவிட்டது. எது நியாயம் என்று கேட்டால், பணமும் வழங்கி நடத்தத் தெரிந்த ஆளும் இருக்கிற களத்துக்கு டிஸ்கோர்ஸ் வழிதான் நிம்மதி என்பேன். ஒரு ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் குழுவோ நடத்தும் களத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அவர்கள் இன்னும் பிஹெச்பிபிபியிலும் எஸ்எம்எஃப்பிலும் இருப்பதில் ஆச்சரியமில்லை.

பீட்டாவைச் சோதித்து உதவ நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். பெரும்பாலானவர்கள் புதிதாக ஒரு வெற்றுக் களத்தை நிறுவி, 'சோதனை', 'சோதனை 2' என்று இரண்டு இழை போட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். உருவாக்குபவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. வழு இருப்பது பழைய தரவில். 2005இல் பாதிக் குறியாக்கத்தில் எழுதிய பதிவில், நீக்கப்பட்ட பயனரின் பெயரில் தொங்கும் இழையில், கைவிடப்பட்ட ஏதோ ஒரு மாட் சேர்த்துவிட்டுப் போன அட்டவணையில்தான் அது இருக்கும். உங்கள் களத்தின் தரவுத்தளத்தை நகலெடுத்து, அந்த நகலின் மீது மாற்றியை ஓட்டி, பத்து வருடம் முந்தைய இழைகளைத் திறந்து பாருங்கள். ஓட்டுவதற்கு முன் அந்த நகலில் மின்னஞ்சல் அனுப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் என்றோ விலகிப்போன உறுப்பினர்களுக்கெல்லாம் "உங்கள் இழைக்குப் புதிய பதில்" என்று நடுராத்திரியில் கடிதம் போகும்.